கருநீல நைலான் சாக்ஸ்

சின்ன முதலாளி படிப்பை முடித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்த முதல் மாதமே எங்கள் கால்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். விற்பனையில் நாங்கள் மூன்று பேர். வெளியூர் வியாபாரிகள் முன்னால் செருப்போடு நிற்கக் கூடாதாம். கறுப்பு ஷூ, கருநீல பேண்ட். சாக்ஸ் ஷூவின் நிறத்தில் அல்ல, பேண்ட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்து கால்மேல் கால் போட்டால் நடுவில் தோல் தெரியக் கூடாது. பட்டாசு விற்பதற்கு இப்படி ஒரு மீட்டிங்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. விருதுநகரில் பஸ் ஏறி, சிவகாசியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கும் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷூவுக்குள் கால் புழுங்கிவிடும். மற்ற இருவரும் முணுமுணுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் இடது காலை மறைக்க சாக்ஸைவிட வசதி வேறில்லை.

இருபத்தாறு வயதில் இங்கே பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வெந்த கால் அது. இரண்டு விரல்கள் ஒட்டிப்போய், கணுக்கால்வரை தோல் சுருங்கிக் கிடக்கும். பெரிய முதலாளி இரக்கப்பட்டு என்னை விற்பனைக்கு மாற்றினார். அவர் காலமான பிறகு, கம்பெனியில் இந்தக் கதை தெரிந்தவர் போர்மேன் மட்டும்தான். இனி மருந்துப் பக்கம் போகவே மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான்.

சித்திரையில் வடக்கேயிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். ஆர்டர் குறைந்து கிடந்த வருஷம். ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டும்போது நானும் கூட வர வேண்டும் என்றார் சின்ன முதலாளி. கருநீலத்தில் பருத்தி சாக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. நைலான் இருந்தது. நிறம் பொருந்தியதே என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஃபேக்டரி வாசலில் எல்லாரும் ஷூவைக் கழற்றினோம். போர்மேன் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, நைலானாலே இது? உரசுனா பொறி வரும்னு ஒனக்குமா சொல்லணும்? கழத்து மொதல்ல."

அவர் சொன்னது நியாயம். இத்தனை வருஷமாக சாம்பிள் ரூமைத் தாண்டி உள்ளே போகாதவனுக்கு, உடம்பில் தழும்போடு இருந்த விஷயமே மறந்துபோயிருக்கிறது. சின்ன முதலாளியும் வியாபாரியும் பருத்தி போட்டிருந்தார்கள். நான் மட்டும் சாக்ஸை உரித்துவிட்டு வெறுங்காலோடு நின்றேன். சின்ன முதலாளி பார்த்தார். வியாபாரியும் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

காலுக்கு என்ன ஆயிற்று என்று வியாபாரி இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சின்ன முதலாளியிடம் எதையும் கேட்கவில்லை. போன வருஷம் வாங்கிய பூச்சட்டி பாதி உயரத்திலேயே அணைந்ததாம், என்னிடம் காரணம் கேட்டார். மருந்து ஈரம் காயாமல் அடைத்தால் என்ன ஆகும், இறுக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாய் தானாகப் பேசியது. போன வருஷத்தைப்போல இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மடையன்.

மறுநாள் காலையில் சின்ன முதலாளி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இம்புட்டு தெரிஞ்சவுக ஏன் சொல்லவே இல்ல? நம்ம போர்மேன் ஆடியோட நின்னுக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. மருந்து அறைய இனி நீங்க பாத்துக்கங்க."

"தம்பி, என் காலைப் பாத்தீகள்ல?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன். பட்டவுகதான் கவனமா இருப்பீக." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "கட்டாயமில்ல. ஆனா சேல்ஸுக்கு மூணு பேரு எதுக்குன்னு நானும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு காலு நல்லாத்தான இருக்கு," என்றாள். "அதையும் குடுத்துட்டு வாங்க."

ஆடி முடிந்து மருந்து அறைக்குப் போக ஆரம்பித்தேன். பயம் இருக்கிறது; இல்லையென்று சொன்னால் பொய். அன்றிலிருந்து அவள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நான் வீட்டுப் படியேறிய பிறகுதான் அவள் தட்டில் சோறு விழுகிறது.