தண்ணியக்கா வீட்டு விடுமுறை

மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊரின் மூன்று தெருக்களுக்கும் தண்ணீர் திறந்துவிடுவது தண்ணியக்காவின் வேலை. பதினோரு வருடமாக அதைப் பார்க்கிறாள். விடியற்காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவாள்; ஊர்க் கிணற்றில் ஒரு நாளைக்கு ஒரு தொட்டித் தண்ணீர்தான் ஊறும். எட்டு மணிக்குக் கீழத் தெரு, ஒன்பதுக்கு நடுத் தெரு, பத்துக்கு மேட்டுத் தெரு. தெருவுக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு முன்னால் இருந்தவர் வேண்டியவர்களுக்குக் கூட்டியும் வேண்டாதவர்களுக்குக் குறைத்தும் விட்டு, கடைசியில் ஊர் கைகலப்பில் இறங்கியது. இவள் வந்தபின் சத்தம் அடங்கிவிட்டது. அவளைப் பிடிக்காதவர்கள்கூட, “வாய்தான் நீளம், கை சுத்தம்” என்பார்கள்.

அவள் வீடு கீழத் தெருவில். கொல்லையில் தக்காளி, மிளகாய், பூசணி, ஒரு அவரைப் பந்தல். குழாய்த் தண்ணீரை நேராகச் செடிக்கு ஊற்றியதே இல்லை. அரிசி கழுவியது தக்காளிக்கு, துணி அலசியது பூசணிக்கு, குளித்த தண்ணீர் அவரைக்கு. “அவரைக்காய்ல சோப்பு வாசனை வராதா?” என்று யாராவது கேட்டால், “வந்தா என்ன, வயிறும் சுத்தமாகட்டும்” என்பாள்.

அந்த வருடப் பள்ளி விடுமுறைக்கு இரண்டு மகள்களும் மருமகன்களும் பேரப்பிள்ளைகளும், லாரி ஓட்டும் அவள் தம்பி குடும்பமும் வந்து இறங்கினார்கள். மொத்தம் பதினான்கு பேர். நான்கு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் எல்லோரும் ஒன்றுகூடுகிறார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் ட்ரம்கள் அடி தட்டின. துணி அலசிய தண்ணீரும் கழிவறைக்கே சரியாகப் போனது. செடிகள் தலை தொங்கின.

“வால்வு சாவி நம்ம வீட்டுக் கதவுக்குப் பின்னாலதான தொங்குது? நாளைக்கு அரை மணி நேரம் சேர்த்துத் தெறந்தா குடியா முழுகிடும்?” என்றான் தம்பி.

“நமக்கு அரை மணின்னா மேட்டுத் தெருவுக்கு ஒண்ணுமே இல்லடா. மேடு ஏறவே அதுக்கு இருபது நிமிஷம் வேணும்.”

“ஊருக்கே தண்ணி விடுற வீட்டுல உங்க மாப்பிள்ளை ஒரு சொம்புத் தண்ணிக்குக் காத்து நிக்கிறாரும்மா” என்றாள் மூத்த மகள்.

“வயக்காட்டுக் கிணத்துல போய்க் குளிக்கச் சொல்லு.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் பெரிய விருந்து. ஒன்பது மணிக்கு நடுத் தெருவைத் திறந்துவிட்டு வந்து சாவியை மாட்டினாள். மாவு அரைக்க மில்லுக்குப் போனாள். அங்கே கூட்டம். திரும்பும்போது பத்து ஆகிவிட்டதால், மாவை வாசலில் இறக்கிவைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடி மேட்டுத் தெருவைத் திறந்தாள்.

பத்தரைக்கு மேட்டுத் தெருத் தையல்காரி காலிக் குடத்தோடு இறங்கி வந்தாள். “குழாய் இருமிட்டு நின்னுடுச்சுக்கா.”

தண்ணியக்கா தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்த்தாள். அடித்தரை தெரிந்தது. எங்காவது குழாய் உடைந்திருக்கும் என்று தேடிக்கொண்டே கீழத் தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “என்னக்கா, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் வந்தாங்க, எங்களுக்கும் ரெண்டாந்தடவை தண்ணி!”

தண்ணியக்கா நேராக வீட்டுக்கு வந்தாள். கொல்லைக்குப் போனாள். ட்ரம், அண்டா, குடம் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. பாத்திகள் சொதசொதவென்று நனைந்திருந்தன. பந்தலடியில் தம்பி வாளியோடு நின்றான்.

“நீ மில்லுக்குப் போனப்ப நான்தான்க்கா தெறந்தேன். நீ வர்றதுக்குள்ள மூடிச் சாவியையும் மாட்டிட்டேன். செடியெல்லாம் உன் மூஞ்சி மாதிரியே வாடிக் கெடந்துச்சு. மனசு கேக்கல.”

தான் குளிக்கத் திறந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் பிய்த்து எடுத்திருப்பாள். இப்போது வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“எல்லாரும் வாங்க. குடத்தை எடுங்க. மேட்டுத் தெருவுக்குப் போகணும்.”

“அடுப்புல ஒலை கொதிக்குதும்மா.”

“அணைச்சிடு.”

“பைத்தியமாக்கா ஒனக்கு?” தம்பி வாளியைக் கீழே வைத்தான். “பைப்பு ரிப்பேருன்னு சொன்னாப் போச்சு!”

“ரிப்பேர்னு நான் சொன்ன அன்னைக்கெல்லாம் நெஜமாவே ரிப்பேர்தான்டா. அதனாலதான் நம்புறாங்க.”

அவன் விறுவிறுவென்று வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

முதலில் குடத்தைத் தூக்கியது இளைய மருமகன். அலுவலகத்தில் பேனாவைத் தவிர எதையும் தூக்கியறியாதவர். மேட்டை எட்டுவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் இருந்தது.

“எங்க வீட்டுல தெறந்துட்டாங்க. தப்பு எங்க மேல” என்று வாசல் வாசலாகச் சொன்னாள் தண்ணியக்கா. யார் என்று சொல்லவில்லை. ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உங்க தண்ணி ஒண்ணும் எங்களுக்கு வேணாம்.” அவர் வீட்டு வாசலிலும் ஒரு குடத்தை வைத்துவிட்டு நகர்ந்தாள். தையல்காரி மட்டும் மருமகனைப் பார்த்து, “பாதி வழியிலயே குளிச்சிட்டீங்களா தம்பி? உக்காருங்க, டீ போடுறேன்” என்றாள்.

மூன்றாவது நடைக்கு, இரண்டு கையிலும் பெரிய கேன்களோடு தம்பி மேடேறி வந்தான். இறக்கி வைத்துவிட்டு அடுத்த நடைக்கு இறங்கினான்.

விருந்து நான்கு மணிக்குத்தான் நடந்தது. மருமகன் குடம் தூக்கிய நடையைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட, வீடே சிரித்தது. தம்பி மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தாள். பூசணி இலைகள் குடை விரித்தாற்போல் நின்றன. அவரைக் கொடி புதிதாகப் பூத்திருந்தது. வீட்டில் கூடுதலாகப் பிடித்த தண்ணீரையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மண் குடித்ததை என்ன செய்வது? பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. மேட்டுத் தெருப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு பூவைத் தொட்டுப் பார்க்காமல் அவளால் உள்ளே போக முடியவில்லை.

தம்பி அன்றே கிளம்பினான். “வர்றேன்க்கா” என்றான். “பாத்துப் போ” என்றாள். மூன்று வாரம் கழித்து அவன்தான் போன் செய்தான். மனைவியின் முழங்கால் வலி, லாரிக்கு மாற்றிய டயர் என்று எதையெதையோ பேசிவிட்டு, வைக்கும்போது சொன்னான்:

“அடுத்த லீவுக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்கக்கா.”

“என் வேலைய யாருடா பாக்குறது?”

“யாரையாவது நம்பித்தான்க்கா ஆகணும்.”

மேட்டுத் தெருத் தையல்காரியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.