தறிக்குழியில் போட்ட இலை

எங்கள் வீட்டில் ஆயிரக்கணக்கான ஆவிகள் குடியிருப்பதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. இன்றைக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகரும் ஆள் நான். அன்று எந்த லட்சணத்தில் இருந்திருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அக்காவால் வந்த வினை. தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில் எங்கள் தெருப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டால் கல்யாணம்வரை வெளியே அனுப்ப மாட்டார்கள். நூலகமே கதி என்று கிடந்த அக்கா வீட்டுக்குள் அடைபட்டாள். அவளுக்காக நான் போய்ப் புத்தகம் எடுத்துவர வேண்டும். "இன்னா புக்குக்கா?" என்று கேட்டால், "எதுவா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு கொண்டா" என்பாள். கை எட்டிய தட்டில் கிடைத்ததை உருவி வருவேன். கோழி வளர்ப்பு, சோழர் காலத்து ஏரிகள், சின்னப் பிள்ளைகளுக்கான முயல் கதை. எல்லாவற்றையும் ஒரே பசியோடு படித்தாள். "கோழி புக்கு நல்லாதான் போவுது, முடிவுதான் சப்புன்னு இருக்குது" என்று விமர்சனம் வேறு. வளையை விட்டுப் போகும் முயலின் கதைக்கு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நானும் திரும்பும் வழியில் நடந்துகொண்டே படிக்கப் பழகினேன். அப்படித்தான் பெரியவர்களுக்கான பேய் நாவல் ஒன்று மாட்டியது. கொடுமையாகச் செத்தவர்களின் ஆவி, அவர்கள் மேலிருந்த துணியிலேயே தங்கிவிடுமாம். உயிரோடு இருந்தபோது பிடித்த சாப்பாட்டைப் படைத்தால்தான் அடங்குமாம். அதைப் படித்தபின் பட்டப்பகலில் கொல்லைப்பக்கம் போகவும் துணை தேடினேன்.

"பேய் புக்கு படிச்சிட்டு எல்லாரையும் பேஜார் பண்ணிகினு இருக்கிறியே. சயின்ஸ் புக்கு எடுத்துப் படிடா, பயம் தெளியும்" என்றாள் அக்கா.

எடுத்தேன். பட்டு எப்படி உருவாகிறது என்பதைப் படங்களோடு சொல்லும் புத்தகம். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, பட்டு பெங்களூரிலிருந்து வரும் என்பது மட்டும்தான் தெரியும். பருத்தி மாதிரி அதுவும் ஏதோ செடியில் காய்ப்பதாகவே நினைத்திருந்தேன். புழு கூடு கட்டுமாம். அது கூட்டுக்குள் தூங்கும்போதே கொதிக்கிற தண்ணீரில் போடுவார்களாம். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான புழுக்களாம்.

இரண்டு புத்தகங்களும் என் மண்டைக்குள் சம்பந்தி ஆகிவிட்டன. அப்போது தறியில் அப்பா நெய்துகொண்டிருந்தது அக்காவின் முகூர்த்தப் புடவை. ஊராருக்கே நெய்துவந்த மனிதர், முதல்முறையாக வீட்டுக்கென்று நெய்கிறார். அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தால் அக்கா உயிரோடு எழுந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. தறி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் காதைப் பொத்திக்கொண்டேன். யாரிடமாவது சொல்லலாம்தான். சொன்னவனை ஆவிகள் முதலில் பிடித்துக்கொண்டால்?

புழுவுக்குப் பிடித்த சாப்பாடு மல்பெரி இலை என்று அந்தப் புத்தகமே சொல்லியிருந்தது. மல்பெரியை நான் கண்ணால் பார்த்ததில்லை. தெருக்கோடியில் இருந்தது பூவரச மரம். இலை இலைதானே, செத்துப்போன புழு சுவையா பார்க்கப்போகிறது? ஒரு முறம் நிறையப் பறித்துக் கழுவி, அப்பா சாப்பிடப் போன நேரத்தில், அவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழிக்குள் கொட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்பா வந்து உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டார். உள்ளே இருட்டு. ஈரமாக, வழவழவென்று ஏதோ காலைச் சுற்றியது.

"பாம்பு! அய்யோ பாம்புடி! ஜல்தி கம்ப எடுத்தா!" என்று அம்மாவைக் கூப்பிட்டு அலறினார்.

அவர் எகிறிக் குதித்ததில் தறியில் இழுத்துக் கட்டிய பாவில் ஒரு கை அளவுக்கு இழைகள் அறுந்துபோயின. தெருவே திரண்டது. பக்கத்து வீட்டு மாமா கம்பால் குழிக்குள் துழாவி, கொத்துக் கொத்தாகப் பூவரச இலைகளை வெளியே போட்டார். "இன்னா மச்சான், தறிக்குழில ஆடு வளக்கிறியா?" என்று அவர் கேட்க, வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. படையலை எடுத்து வெளியே எறிந்துவிட்டார்களே! சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் பதுங்கி, பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அக்காதான் கண்டுபிடித்தாள். புழு, ஆவி, புடவை, இலை என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு அந்த இடுக்கிலேயே என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள். "ஏண்டா, அந்த ஆவிங்கோ என்னப் புடிச்சிகிச்சின்னு வச்சிக்கோ. கல்யாணம் நின்னுடுமா?"

என் கையைப் பிடித்திருந்த அவள் கை என்னுடையதைவிடச் சில்லிட்டிருந்தது. பாவம், என்னைவிடப் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆண்பிள்ளையாக அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"சேச்சே, நிக்கவே நிக்காதுக்கா. நான் வேற இலை போட்டுடறேன். நீ பயப்படாத."

அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். இவ்வளவு நல்ல சேதியைச் சொல்லியும் அவள் முகம் ஏன் தெளியவில்லை என்று நான் டிரம்முக்குப் பின்னால் குழம்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.