வோக்கியில் சொல்லாத சொல்

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் பாடசாலை ஒன்றில் நடந்த எங்கள் முஸ்லிம் சனத்தின் முகாமில் வோக்கிடோக்கி என் பொறுப்பில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். மறுமுனையில், காரைதீவுச் சந்தியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிகளைப் பிரித்து அனுப்பும் தமிழ்ப் பெண்பிள்ளை. செய்திக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம்: யார், யாருக்கு, என்ன, எங்கே. கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே பவுசர் நகரும்.

செய்தி எங்களுடையதுதான் என்பதற்கு அடையாளமாகத் தலைவரான தன் குடியைச் சொன்னால் போதும் என்றார் முகாம் தலைவர். தாய்வழியில் வரும் வம்சப் பெயரான குடியைத்தான் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் முதலில் விசாரிப்பார்கள். காரைதீவிலும் அப்படித்தான்.

“ஊருக்கே தெரிஞ்சத வெச்சி எப்பிடி மாமா பூட்டுப் போடுற?” என்றேன்.

“குடியில ஆரும் பொய் சொல்ல மாட்டான். படிச்சா கொம்பு முளைக்குமா புள்ள?”

ஒரு நாள் பவுசர் வரவில்லை. கிணறுகளெல்லாம் உப்பு. வெறும் வாளிகளோடு சனம் நின்றது. காரைதீவாள் தண்ணீரைத் தன் ஆட்களுக்குத் திருப்பிவிட்டாள் என்று கதை பரவியது. யுத்தம் முடியாத காலம் அது. இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எல்லோர் முன்னாலும் வோக்கியில் கேட்டேன்.

“செய்தி உங்கட முகாமிலருந்துதான் வந்த அக்கா. ஆம்பிளக் குரல். தலைவர்ட செய்தி, முகாமில தண்ணி இரிக்கி, சந்தை ஒழுங்கைக்கு விடட்டாம். குடியும் சரியாச் சொன்ன” என்றாள்.

“பொய்! அவள நம்புறவ அங்கயே போய் இரி!” என்று கத்தினான் தலைவரின் மருமகன். அவன் மனைவி வீடு அந்தச் சந்தை ஒழுங்கைத் தெருவில்தான்.

நான் பொத்தானை அழுத்தினேன். “தலைவரிடமிருந்து சந்திக்கு. பவுசர் ஒன்று. மையவாடிக்கு.” மையத்துகளைப் புதைக்கும் இடத்துக்குத் தண்ணீர் கேட்டு, அவருடைய குடியையும் சொன்னேன். அவள் அப்படியே திருப்பிச் சொல்லி, “அனுப்புறன்” என்றாள்.

“மையத்துக்கு என்னத்துக்குடா தண்ணி?” என்று யாரோ சிரித்தார்கள். செய்தியை ரத்துச் செய்துவிட்டுத் தலைவரைப் பார்த்தேன். “இத நீங்களா சொன்ன மாமா?”

வரிசையில் நின்ற ஒருத்தி வாய் திறந்தாள். “நீ லுஹர் தொழப் போனக்குள்ள மருமகன்தான் வோக்கிய எடுத்துக் கதைச்ச. பெட்டரி பாக்கிறாராக்கும் எண்டு நினைச்சன்.”

மோட்டார் சைக்கிள்கள் அணைந்தன. கோபம் மட்டும் அணையவில்லை, மருமகன் பக்கம் திரும்பியது.

மறுநாள் பவுசரில் ஏறிச் சந்திக்குப் போனேன். அதன் படியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் காதோடு காதாகச் சில சொற்களைப் பேசி வைத்தோம். ஒரு சொல் ஒரு செய்திக்கு மட்டும். பிறகு அது செத்த சொல்.

“அந்தச் சொல்லு என்ன?” என்றார் தலைவர்.

“உங்களுக்கும் சொல்ல ஏலாது.”

“அப்ப வோக்கிய வெச்சிட்டுப் போ.”

மேசையில் வைத்தேன். அவரே எடுத்துத் தன் பதவியைச் சொன்னார், குடியைச் சொன்னார், தண்ணீர் கேட்டார்.

“சொல்லு என்ன?” என்றாள் அவள்.

குரலை உயர்த்தி மறுபடியும் குடியைச் சொன்னார். மறுபடியும் அதே கேள்வி. வாசலில் வாளிகள் இடிபட்டன. என் முகத்தைப் பார்க்காமலே வோக்கியை என் பக்கம் தள்ளினார்.

“வெளிய நில்லுங்க மாமா” என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.