அண்ணிக்கு ஒத்துவராத அண்ணன்

என் அண்ணியைத் தையல் கூடத்தில் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடைத் துணியை அடுக்கடுக்காக வைத்து வெட்டுவது அவள் வேலை. கையும் அப்படி, வாயும் அப்படி. மேனேஜரே அவள் மேசைப் பக்கம் வரும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் கெட்ட செய்தி சொல்ல மட்டும் வாய் வராது. கால் வீங்கியபோது "நின்னுக்கிட்டே வேலை பாக்குறேன்ல" என்றாள். முகம் வீங்கியபோது "நல்லாத் தூங்கிட்டேன்" என்றாள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

லிஃப்ட் பழுதுபார்க்கும் என் அண்ணன், தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ரத்த வகையும் பொருந்தியது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து வேறொன்று சொன்னார். அண்ணி பெற்றது மூன்று பிள்ளைகள். பிள்ளைகளின் உடம்பில் பாதி அண்ணனுடையது. அவர்களைச் சுமந்தபோதே அவள் ரத்தம் அந்தப் பாதியை அந்நியன் என்று கண்டு, தாக்குவதற்கு ஆன்டிபாடிகள் என்கிற எதிர்ப்புப் பொருட்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. கடைசிப் பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தால் அது இன்னும் கூடிவிட்டது. இனி யார் கொடுத்தாலும் அவள் உடம்பு ஏற்பது கஷ்டம். அண்ணன் கொடுத்தால் நிச்சயம் சண்டைக்கு வரும்.

அண்ணி சிரித்தாள். "இவர் எனக்கு ஒத்துவர மாட்டார்னு கல்யாணம் ஆன மறுவாரமே சொன்னேன். யாராவது கேட்டீங்களா?"

அண்ணன் சிரிக்கவில்லை.

பொருந்துகிற சிறுநீரகம் வேறு யாரிடமிருந்தாவது வரும் என்று காத்திருந்து காத்திருந்து அவள் துரும்பாகிப் போனாள். கடைசியில் அவள் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆன்டிபாடிகளைக் கழித்துத் திரும்ப ஏற்றி, அண்ணனுடையதையே வைத்தார்கள். "ஆன்டிபாடி திரும்பி வரலாம். வந்தா சிறுநீர் குறையும். குறைஞ்ச உடனே சொல்லணும், தாமதிச்சா சிறுநீரகம் போயிடும்" என்றார் டாக்டரம்மா.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு, அண்ணியே அதை அளவு ஜாடியில் பிடித்து நர்ஸிடம் காட்ட வேண்டும். அண்ணனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போனால்தானே? தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் கிடந்தான். ஜாடி வெளியே வரும்போதெல்லாம் பரீட்சை முடிவு பார்க்கிறவன் மாதிரி எட்டிப் பார்ப்பான்.

ஒருநாள் மதியம் அண்ணி குளியலறைக்குள் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று கதவைத் தள்ளினேன். தண்ணீர்க் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு ஜாடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியில் கோடு போடுகிற அதே கவனத்தோடு அளவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"சத்தம் போடாதே. காலையிலேருந்து சரியாப் போகல. முன்னாடி காட்டினதும் தண்ணி கலந்ததுதான். உடம்பை அறுத்துக் குடுத்தவரு வெளியில உக்காந்திருக்காரு. அதையும் தொலைச்சுட்டேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்லுவேன்? நாளைக்குத் தானா சரியாயிடும்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் கால்ல வேணா விழறேன். அவருகிட்ட மட்டும் சொல்லாதே."

ஒரு கணம் எனக்கும் மனம் தளர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காக என்னை நானே இன்றும் திட்டிக்கொள்கிறேன். கையை உதறிவிட்டு வெளியே வந்தேன்.

"எவ்வளவு?" என்றான் அண்ணன்.

"எல்லாம் பொய் அண்ணா. காலையிலேருந்தே குறைஞ்சிருக்கு. அண்ணி தண்ணி கலந்து காட்டியிருக்காங்க."

அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றது. நர்ஸ் ஓடிவந்தார்.

சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அண்ணியின் ஆன்டிபாடிகள் அதைத் தின்னத் தொடங்கியிருந்தன. மறுபடியும் ரத்தத்தைச் சுத்தம் செய்வது, மறுபடியும் மருந்து. தப்புமா என்று கேட்டால் டாக்டரம்மா பிடிகொடுக்கவே இல்லை. "பாக்கலாம்" என்பதோடு சரி.

அண்ணன் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவனே பேச்சை ஆரம்பித்தான். "போனா போகட்டும், அது வெறும் சதை. நீ எங்கிட்ட மறைச்சா நான் உன்னை எப்படிக் காப்பாத்துவேன், சொல்லு?"

அண்ணி அழுது அன்றுதான் பார்த்தேன். "இனிமே மறைக்க மாட்டேங்க" என்றாள்.

சிகிச்சை தொடர்ந்தது. ஜாடியில் அடி நனைகிற அளவுக்கு வந்தாலும் அவள் அப்படியே கொண்டுவந்து காட்டினாள். எங்களுக்குப் பயமாக இருக்கும். அவளுக்கும்தான். ஆனாலும் காட்டினாள்.

பிறகு ஒருநாள் காலை, சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்தவள், நர்ஸைத் தாண்டி நேராக அண்ணனிடம் போய் ஜாடியை நீட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. அண்ணன் அளவைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் ஜாடியைச் சுற்றிப் பிடித்தான்.

"சூடா இருக்கு" என்றான்.

நர்ஸ் கேட்டும் கொடுக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதான்.