ஒரு பார்ட்டும் மாற்றாத மெஷின்

யேசுதாஸ் சார் ஒரு வாஷிங் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பார். பழங்காநத்தத்தில் தன் தெருவில் சாயங்கால நடை போகும்போது திடீரென்று யார் வீட்டு வாசலிலாவது நின்றுவிடுவார். உள்ளே துணி சுற்றும் சத்தம் வந்துகொண்டிருக்கும். "பிரேக் தேஞ்சிருச்சு. இன்னும் ஒரு மாசம் ஓடுனா அதிசயம்" என்று, வீட்டுக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார். சில வீடுகளில் இதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். சில வீடுகளில் அவர் தலை தெரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் முனை திரும்பிய பிறகு மறுபடி ஓட்டினார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நிகழ்தகவு நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பார்கள். ஆனால் உலகத்தில் ஏதாவது தற்செயலாக நடக்கும் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மெஷின் கெட்டால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்து, இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்தவன்தான்.

மதுரையில் இப்படிப்பட்டவர் தான் ஒருவர்தான் என்று அவர் வெகுநாள் நினைத்திருந்தார். வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தப் பெருமை போய், அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்தது. பழைய மெஷின்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு குழு சேர்ந்தது. மோட்டாரில் சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா, திருகிவிட்டால் டிக்டிக் என்று இறங்கி வரும் டைமர் உசத்தியா, இடி இடித்தால் உயிரை விடும் எலெக்ட்ரானிக் போர்டு உசத்தியா, போர் தண்ணீர் உப்பை எந்தத் தொட்டி தாங்கும், அடிவழியாக எலி ஏறி வயரைக் கடிக்காமல் இருக்க எந்தக் கம்பெனி வலை போட்டது என்று காலை காப்பிக்கு ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் போகும். மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய மெஷின் வாங்கி விற்கும் உசிலம்பட்டிக்காரரான பாண்டிராஜின் கடையில் நேரிலும் கூடினார்கள். கடையில் நாற்காலி கிடையாது. ஓடாத மெஷின்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடுகிற மெஷின்களைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தச் சபையில் சாருடைய துருப்புச்சீட்டு அவர் வீட்டு மெஷின். மகள் ஆஷ்லின் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் வாங்கியது. ஆஷ்லின் இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இத்தனை காலத்தில் அதில் ஒரு பார்ட்டும் மாற்றியதில்லை. தண்ணீர் வெளியேறும் குழாயை மூன்று தடவை மாற்றியது உண்மைதான். ஆனால் குழாய் என்பது பார்ட் ஆகாது, துணைப்பொருள் என்பது அவர் தீர்ப்பு.

பழைய மாதிரி இரட்டைத் தொட்டி மெஷின். இடது தொட்டி துவைக்கும். நின்றதும் துணியை அள்ளி வலது தொட்டியில் போட்டு மூடினால் பிழியும். பிழிந்ததை மறுபடி இடதுக்கு மாற்றி, தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசியதை மறுபடி வலதுக்கு மாற்ற வேண்டும். அள்ளிப் போடுவது யார் என்பது மெஷினோடு வந்த புத்தகத்திலும் இல்லை, சார் பேச்சிலும் இல்லை.

குழுவில் அவருக்கு எதிர்க்கட்சி குருபிரசாத். வங்கி அதிகாரி, நாற்பதைத் தாண்டியவர், கதவு முன்பக்கம் உள்ள மெஷின்களின் பக்தர். இருவரும் ஒருவரையொருவர் திட்டாத நாளில் குழுவே களையிழந்து கிடக்கும். அப்படி ஒருநாள் வாக்குவாதம் முற்றிப்போய், "வீட்டுக்கு வந்து உங்க கண்ணால பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று சார் சவால் விட்டார். அடுத்த சனிக்கிழமை குருபிரசாத் வந்துவிட்டார். நடுவராக பாண்டிராஜும் வந்தார், வழியில் ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு.

சாரின் மனைவி ஜெஸி காப்பி கொடுத்தார். பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து, சாருக்கு ஒரு வருடம் கழித்து ஓய்வு பெற்றவர். மெஷின் பேச்சில் கலந்துகொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கோயில் விஷயத்தில் பூசாரி மனைவி எவ்வளவு பேசுவாளோ அவ்வளவுதான்.

சார் மெஷினின் பின் மூடியைக் கழற்றி மோட்டாரைக் காட்டினார். டார்ச் அடித்துத் துருவே இல்லாத அடித்தகட்டைக் காட்டினார். பாண்டிராஜ் கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "எண்ணெயா ஓடுது அண்ணே" என்று குருபிரசாத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு சார் வழக்கம்போல உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜெஸி, ஒரு லோடு ஓட்டிக் காமியேன்."

ஜெஸி வந்து இரண்டு போர்வைகளைப் போட்டு ஓட்டினார். டைமர் டிக்டிக் என்று இறங்கியது. அது இறங்கும் வரைக்கும் மூன்று ஆண்களும் மிக்சர் தின்றபடி, சங்கீதம் கேட்பவர்கள் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின் நின்றது. ஜெஸி ஈரப் போர்வையை இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வயிற்றை மெஷின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, வலது தொட்டிப் பக்கம் உருட்டத் தொடங்கினார்.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றார் குருபிரசாத். "என் மெஷின்ல இதுவரைக்கும் என்னென்ன ரிப்பேர்?"

"நீங்களே சொன்னதுதானே. போர்டு ரெண்டு தடவை, பம்ப் ஒரு தடவை, கதவு லாக் ஒரு தடவை. ஆஸ்பத்திரில கெடக்குற நேரம் போக மிச்ச நேரம் ஓடுது."

"கரெக்ட். அதெல்லாம் எதுக்கு இருக்கு? தண்ணிய அதுவா விட்டு, அதுவா எடுத்து, துணிய வெளிய எடுக்காமலே பிழியறதுக்கு. உங்க மெஷின்ல அந்த வேலைக்குப் பார்ட்டே கிடையாது. இல்லாத பார்ட் எப்படி சார் கெட்டுப்போகும்?"

"அண்ணே மடக்கிட்டாரு!" என்று பாண்டிராஜ் தொடையில் தட்டினார். "சார், பதில் சொல்லுங்க, சார்!"

சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஜெஸி, போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பார்ட் இருக்கு தம்பி. அது கெட்டு ரெண்டு வருசமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சார்தான் அதிகம் சிரித்தார். மனைவிக்கு இவ்வளவு குறும்பு இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. முதலில் சிரிப்பை நிறுத்தியது குருபிரசாத். போர்வை பாதி தொட்டியிலும் பாதி தரையிலுமாகத் தொங்கியது. ஜெஸியின் வலது கை, மடித்துவைத்த குடை மாதிரி, உடம்போடு ஒட்டியே இருந்தது.

"மேடம், கை தூக்க முடியலையா?"

"இம்புட்டு வரும்" என்று ஜெஸி முழங்கையை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து காட்டினார். "அதுக்கு மேல உசுர் போகும். பரவால்ல, இடது கை இருக்குல்ல."

குருபிரசாத் எழுந்து வந்து போர்வையைத் தொட்டிக்குள் போட்டார். அன்றைக்கு யார் ஜெயித்தது என்று யாரும் சொல்லவில்லை. மிக்சர் மீந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு சார் கேட்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"நீங்க இத மல்லாக்கப் போட்டு பெல்ட் டைட் வச்சுக்கிட்டிருந்தீங்க. தோள் வலிக்குதுங்கன்னேன். 'ம்'னீங்க." ஜெஸியின் குரலில் கோபம் எதுவும் இல்லை, பழைய ஃபைலைப் பார்த்துப் படிப்பவர் மாதிரி சொன்னார். "போன கிறிஸ்துமஸ் தள்ளுபடில, தானா பிழியற மெஷின் ஒண்ணு எடுப்போமான்னு கேட்டேன். போர்டு எப்புடிக் கெட்டுப்போகும்னு படம் போட்டுக் காமிச்சீங்க. சரி, விடுன்னு விட்டுட்டேன்."

படம் போட்டது அவருக்கு நினைவிருந்தது. நல்ல படம். அதைக் குழுவிலும் போட்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் வீடு அவர் கண்ணில் படத் தொடங்கியது. சமையலறை மேல்தட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் எப்போதோ கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தன. ஒழுங்குபடுத்தியிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். துணி காயப்போடும் கொடி நெஞ்சு உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது, அதில் இரண்டு தடவை மோதி, "யாரு இதை இங்க கட்டுனது?" என்று கத்தியிருக்கிறார். இடுப்பு வரை இருந்த கூந்தலை ஜெஸி ஒருநாள் பியூட்டி பார்லருக்குப் போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தபோது, "இந்த வயசுல ஃபேஷனா?" என்று ஒரு வாரம் கேலி செய்தார். ஆஷ்லினுக்கு போன் போட்டுக்கூடச் சொல்லிச் சிரித்தார். தலைக்குப் பின்னால் கை போகாதவள் எப்படிச் சடை பின்னுவாள் என்பது, கணக்காகப் போட்டிருந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கு.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தோளில் தசைநார் கிழிந்து நாளாகிவிட்டது. அதோடு ஒட்டிய சதையும் சுருங்கிவிட்டது. இனிமேல் தைத்தாலும் பிடிக்காது என்றார். "ஒன்றரை, ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார், எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான். ஈரத்துணி தூக்கியதால் வந்ததா என்று சார் கேட்டார். வயதானால் சும்மா இருப்பவர்களுக்கும் வரும், இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் காரணம் தேடியவருக்கு ஒரு டாக்டர் வலிய வந்து காரணமில்லை என்று விடுதலை கொடுக்கிறார். அதை அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த வாரமே புது மெஷின் வந்தது. போர்டு, பிளாஸ்டிக் தொட்டி, அலுமினியக் கம்பி, அவர் பழித்ததெல்லாம் ஒன்று விடாமல் அதில் இருந்தது. ஜெஸி ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்து டிவி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழசும் நல்ல மெஷின்தாங்க, அதைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். அவர் திட்டியிருந்தால் சாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பழையதை எடுத்துப்போக பாண்டிராஜ் மினி லாரி கொண்டுவந்தார்.

"இதுக்கு ஆளு அடிச்சுப் பிடிச்சு வருவாங்க சார். 'ஒரே கை, ஒரு பார்ட்டும் மாத்தல'ன்னு அட்டைல எழுதித் தொங்கவிட்டாப் போதும்."

"அப்படி எழுதாத, பாண்டி."

"ஏன் சார், உண்மைதான?"

"உண்மைதான். எழுதாத."

பாண்டிராஜ் ஒருமுறை உள்ளே எட்டி ஜெஸியைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். குருபிரசாத் அதற்குள் இரண்டு தடவை போன் செய்து, அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்றார். "நீங்க சொன்னது சரி, அதனாலதான் கஷ்டம்" என்று சார் சொன்னார். குழுவில் சார் இப்போதும் இருக்கிறார்; யாராவது ஏதாவது கேட்டால் பதில் போடுவார். வாசலில் நின்று கேட்பதை விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. நிற்பார், கேட்பார், ஆனால் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார். இதற்கு முன்பு சொன்னதே மேல் என்று தெருவில் சிலர் நினைக்கிறார்கள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், கதவுக்கு மேலே ஒரு கப்பி மாட்டிக் கயிறு போடச் சொன்னாள். நல்ல கையால் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையைப் பிடித்திருக்கும் கெட்ட கை மேலே ஏறும். கடையில் வாங்கிய கப்பி சாருக்குப் பிடிக்கவில்லை. விளக்குத்தூண் கடைவீதிக்குப் போய்த் தேடிப் பித்தளைக் கப்பியாக ஒன்று வாங்கிவந்து, உள்ளே பேரிங் வைத்து, பின்கட்டுக் கதவு நிலையில் நான்கு திருகு போட்டு முறுக்கினார். ஜெஸி கயிற்றை இழுத்தால் வலது கை தலைக்கு மேலே சத்தமில்லாமல் போகும். கயிற்றை விட்டுவிட்டுத் தானாகத் தூக்கச் சொன்னால், மார்பு உயரத்திலேயே நின்று நடுங்கும். அது எட்டும் இடத்தில் சார் தினமும் சுவரில் பென்சிலால் கோடு போடுவார். ஒவ்வொரு கோடாக மேலே ஏறும் என்பது அவர் கணக்கு.

மழை நின்று வெயில் வந்துவிட்டது. ஆஷ்லின் லீவுக்கு வந்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, போயும் விட்டாள். இன்றைக்குக் காலையிலும் ஜெஸி கயிற்றை இழுத்துப் பயிற்சியை முடித்துவிட்டு, கையை விட்டுத் தூக்கினார்.

"அம்புட்டுத்தாங்க" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பாரேன்."

பார்த்தார். முகம் சுருங்கியது. கை அதே இடத்தில்தான் நின்றது.

"கப்பி நல்லா இருக்குங்க" என்று ஜெஸி அவருக்கு ஆறுதலாகச் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார். சார் பென்சிலை எடுத்து, நேற்று போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டார். பல வாரங்களாக அந்தக் கோடு உயரவில்லை, தடித்துக்கொண்டுதான் போகிறது.