கூட்டிவரப் போன ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை

அமெரிக்காவில், டெக்சஸின் கேட்டி நகரில் பதினெட்டு வருடம் குடியிருந்தவளுக்கு, உலகத்தில் எங்கே போனாலும் எப்படிச் சாப்பிடுவது என்பது தெரியும். மாலை ஐந்தரைக்குக் காரை எடுக்க வேண்டும். ஆறுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். மிச்சத்தை டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்த ஞானத்தோடுதான் சென்ற வசந்தத்தில் பிரான்சின் ஒரு சிற்றூரில் போய் இறங்கினேன்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு செமஸ்டர் அங்கே படிக்கப் போயிருந்த எங்கள் மகளின் சைக்கிளைக் கார் இடித்துவிட்டது. ஒன்பது மணி நேரம் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, தலையில் நான்கு தையல், ஆனால் "ஐ ஆம் ஃபைன், அம்மா." இன்றைக்கும் போனை இரண்டாவது முறை அடிக்க விடாமல் எடுத்துவிடுகிறேன்.

கேட்டியில் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு வந்து கூடும் எங்கள் பாட்லக் கூட்டத்தார் நாகரிகமானவர்கள். வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளிவிட்டு, தனித்தனியாகக் கூப்பிட்டு, "பொண்ண எதுக்குத் தனியா அனுப்புனீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்லும் வேலையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஒரு ரைஸ் குக்கர், பருப்பு, ரசப்பொடி, அவளுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் சகிதம் விமானம் ஏறினேன்.

அவள் வரமாட்டேன் என்றாள். படிப்பை முடிக்க வேண்டுமாம். மூன்று நாள் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சட்டையெல்லாம் சிந்தினாள். பாதித் தட்டு அப்படியே இருந்தது.

"ரெண்டு வாய் ஊட்டி விடறேன்டீ."

"அம்மா, ஸ்டாப். ஐ ஆம் ட்வென்டி."

நான்காம் நாள் மாலை ஐந்தரைக்கு அவளை நடக்கக் கூட்டிப் போனபோது, தெருமுனையில் அந்தக் கடையை நான் கண்டுபிடித்தேன். எட்டு மேசை இருக்கும். உள்ளே விளக்கு எரிந்தது, நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இது செவன் தர்ட்டிக்குத்தான் ஓப்பன்."

"உள்ள சாப்பிட்டுட்டிருக்காங்களே, கண்ணு தெரியலையா?"

"அவங்க இங்க வொர்க் பண்றவங்க, அம்மா!"

அதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் எழுந்து வந்தார். துரத்தப் போகிறார் என்று நான் என் நல்ல ஆங்கிலத்தைத் தயார் செய்தேன். அவரோ என்னைத் தாண்டிப் போய் என் மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கண்டுபிடித்த கடையில் என் மகளுக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. எனக்கு இன்னொன்றை இழுத்துப் போட்டார்கள்.

வேலையாட்களின் சாப்பாடு அது. சூப்பும் ரொட்டியும் கோழியும். எதில் என்ன கலந்திருக்கிறதோ என்று நான் கைப்பையிலிருந்து ரசம் சாத டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் டப்பாவை மோந்து பார்த்தார், எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பறிமுதல் என்றே நினைத்தேன். சூடு பண்ணி, குழித்தட்டில் ஊற்றி, மேலே ஏதோ பச்சை இலை தூவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பதினெட்டு வருடத்தில் என் ரசம் சாதத்துக்கு யாரும் அலங்காரம் செய்ததில்லை.

பிறகு என் மகளின் பக்கம் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, கோழியைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஸ்டாப் சொல்லவில்லை. இருபது வயதையும் ஞாபகப்படுத்தவில்லை.

"இவங்களுக்கு உன்ன எப்படித் தெரியும்?"

"நான் வாரத்துல மூணு நாள் இங்கதான் சாப்பிடுவேன்." இடது கையால் ஒரு துண்டைக் குத்தி எடுத்தாள். "ஆக்சிடென்ட் அன்னிக்கு ஹாஸ்பிட்டல்ல இவங்கதான் இருந்தாங்க. ஃபுல் டே. கடைய க்ளோஸ் பண்ணிட்டு வந்தாங்க."

"ஏன்டீ என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்ல. டிக்கெட் பத்திதான் பேசினே."

அந்த ஒன்பது மணி நேரமும் அவள் தனியாகக் கிடப்பதைத்தான் நான் தினமும் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கத்திலும் அதே படம்தான். அங்கே ஒரு நாற்காலி இருந்ததும், அதில் இந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ரசம் சாதத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். பொறாமையும் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வாசலுக்கு வந்து கணவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க."

"எதை?"

"அவளோடத."

"நீ நல்லாத்தான் இருக்கியா?"

"இல்ல."

"அவ என்ன சொல்றா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. சாப்பிட்டுட்டிருக்கா."