பீரங்கி அணியின் இரண்டாவது தலைவர்

தொண்ணூறுகளின் நடுவில் கணவரும் பிள்ளையும் நானுமாகக் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். அதே கட்டடத்தில் தனியாக வாழ்ந்த வெள்ளைக்கார முதியவர் ஒருவருக்குச் சமைத்துக் கொடுக்க வாரத்தில் மூன்று நாள் போவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் கடிதங்களையும் நானே வாசித்துக் காட்டுவேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தென்மாநிலப் படையில், அவருடைய பூட்டன் ஒரு பீரங்கி அணிக்குத் தலைவராக இருந்தாராம். தாய் அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறார்.

"தப்பான பக்கம்தான். ஆனாலும் அந்த அணியை யார் யார் நடத்தினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

அவரையும் நூலகத்துக்குக் கூட்டிப்போய், பழைய படைப்பதிவுகளின் படச்சுருள்களைத் திரையில் ஓட்டி வாசிக்கத் தொடங்கினேன். என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்கட சண்டை காணாதெண்டே உவையின்ர சண்டையையும் தேடுறாய்?"

"பாவமப்பா, மனுசன் தனிய. கண்ணும் தெரியேல்லை."

முதல் தலைவர் காலை இழந்து வீடு திரும்பியிருந்தார். அடுத்த பதிவில் பூட்டனின் கையெழுத்து. முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த பதிவில் வேறொருவர் தலைவர். பூட்டனின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரி இருந்தது. சுருளை அதிலேயே நிறுத்தினேன்.

"இறந்துவிட்டாரா?"

"இல்லை. அனுமதியில்லாமல் படையை விட்டுப் போய்விட்டார்."

அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்படித்தான் கனடாவுக்கு வந்திருக்கிறார். ஓடியிராவிட்டால் நான் இல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது; முகத்தில் வெட்கமில்லை.

தலைவர்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உள்ளதையே எழுது."

எழுதினேன்.

அன்று வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூட்டனும் எங்களை மாதிரித்தான் வந்திருக்கு, என்ன?"

"ஓம்."

அடுத்த முறை நான் போனபோது, முதியவர் முதன்முதலாக என்னிடம் கேட்டார்: "நீங்கள் எப்படி வந்தீர்கள்?"

அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டுக் கடலேரியைப் படகில் கடந்தது, கொழும்பில் ஒளிந்திருந்தது, பிள்ளை விமானத்தில் அழுதது எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நாட்டில் அதுவரை யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.